கடல்நீரில் எத்தனை உயிர்?

கடற்கரையிலே நின்று ஒரு தேக்கரண்டி நீரை அள்ளி, இதனுள் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று விஞ்ஞானி ஒருவரைக் கேட்டால், அவர் உடனே விடை கூறமாட்டார். எந்த முறையால் எண்ணவேண்டும் என்று நம்மையே திருப்பிக் கேட்பார். இது விடையைத் தட்டிக்கழிக்கும் தந்திரமன்று. ஒரே நீரை ஒரு முறையால் ஆராய்ந்தால் சில ஆயிரம் என்று வரும். மற்றொரு முறையால் ஆராய்ந்தால் ஐம்பது இலட்சம் என்று வரும். எண்ணியவர் இருவரும் கைதேர்ந்தவர். இருவருடைய கருவிகளும் பழுதற்றவை. இருவரும் கண்டதையே கூறினர். அங்ஙனமாயின் இத்துணைப் பெரிய வேறுபாடு எங்கிருந்து வந்தது? கடலாராய்ச்சியாளரை நெடுங்காலம் மயக்கிய இக்கேள்வி, நாம் பருகும் நீரையும் நம்மைத் தாக்கும் கொள்ளைநோயையும் தொட்டு நிற்பது. ஆகவே நேயர்களுக்கு இதனைச் சற்று விரிவாகவே எடுத்துக்கூற விரும்புகிறேன்.

ஆய்வுகூடத்தினுள் நுழைவதற்கு முன்னரே தொல்லை தொடங்கிவிடுகிறது. ஆயிரம் மீற்றர் ஆழத்து நீரை, இடையிலுள்ள நீர் ஒரு துளியும் கலவாமல், கையிலுள்ள கிருமியும் கயிற்றிலுள்ள அழுக்கும் சேராமல் மேலே கொண்டுவருவது எளிய காரியமன்று. நோர்வே நாட்டு அறிஞர் நான்சென் பெயரால் வழங்கிய உலோகப் போத்தலையே கடலாராய்ச்சியாளர் முன்னர் பெரிதும் பயன்படுத்தினர். அதைக் கயிற்றிலே கட்டி இறக்கி, வேண்டிய ஆழத்தை அடைந்ததும் சிறு குண்டு ஒன்றைக் கயிற்றின் வழியே நழுவவிடுவர். குண்டு சென்று மோதியதும் போத்தல் தலைகீழாகப் புரண்டு வாயை மூடிக்கொள்ளும். நீரிலுள்ள உப்பையும் ஒட்சிசனையும் அளப்பதற்கு இது போதும். ஆனால் உலோகத்திலுள்ள செம்பு பற்றீரியாக்களுக்கு நஞ்சு. செப்புக் குடத்தில் நீர் வைத்துக் குடித்த நம் முன்னோரின் வழக்கத்தைப் பலரும் மெச்சுவர். குடத்திலே மெச்சத்தக்க அந்தக் குணமே ஆராய்ச்சிக்கு இடையூறாயிற்று. ஆதலால் கலிபோர்ணியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த குளோட் சோபெல் என்பார், கிருமி நீக்கிய கண்ணாடிப் போத்தலைக் காற்றகற்றி அடைத்துக் கடலில் இறக்கினார். குண்டு மோதும்போது சிறு கண்ணாடிக்குழாய் ஒன்று உடைந்து, அவ்வாழத்து நீர் உள்ளே பாயும். 1960 களில் பிளாத்திக்காலான நிஸ்கின் போத்தல் வந்தபின் இவ்வேலை மிக இலகுவாயிற்று. கப்பல்களில் இன்றும் அதுவே வழக்கிலிருக்கிறது.

நீரைப் போத்தலில் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. கடல்நீரை ஒன்றிரண்டு நாள் போத்தலில் வைத்திருந்தால், எந்த உணவும் இடாமலே அதிலுள்ள பற்றீரியாக்கள் பன்மடங்காகப் பெருகுவதைச் சோபெலும் அவருடைய துணைவர் ஒருவரும் 1936 இல் எடுத்துக்காட்டினர். போத்தல் சிறிதாக இருக்கும் அளவுக்குப் பெருக்கம் மிகுதியாக இருந்தது. நீரில் ஐதாகக் கரைந்திருக்கும் உணவுப்பொருள் கண்ணாடிச் சுவரிலே படிந்து திரள, பற்றீரியாக்களும் அங்கே சென்று ஒட்டிக்கொண்டு உண்டு பெருகின என்பது அவர்கள் கண்ட காரணம். இதற்கு நேர்மாறான தொல்லை நம்மூர்க் குடிநீரில் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரீன் இட்ட கிணற்றின் நீரை எடுத்துச் செல்லும் போத்தலில், சோடியந் தயோசல்பேற்று எனும் உப்பு முன்னரே சிறிதளவு இடப்பட்டிருக்கும். அஃதில்லாவிடின் குளோரீன் வழியெல்லாம் கிருமிகளைக் கொன்றுகொண்டே செல்லும். ஆய்வுகூடத்தில் எண்ணப்படுவது கிணற்றின் நிலையாக இராது. பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்துள் ஒப்படைக்கவேண்டும் என்ற விதியும் இதுபோன்ற காரணம் பற்றியதே.

இனி எண்ணும் முறைக்கு வருவோம்.

பற்றீரியாக்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்கும் கலையைச் செவ்வைப்படுத்தியவர் செருமானியரான றொபேட் கொக். குழம்பிலே வளர்த்தால் பல இனங்களும் ஒன்றாய்க் கலந்துவிடும். திண்மமான ஒரு பரப்பிலே தூவினால், ஒவ்வொரு பற்றீரியமும் விழுந்த இடத்திலேயே இருந்து பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். அந்தப் புள்ளியைக் குடியிருப்பு என்பர். குடியிருப்புகளை எண்ணினால் தொடக்கத்தில் விழுந்த பற்றீரியாக்களின் தொகை தெரியும். நீரில் அவை அளவுக்கு மிஞ்சி இருந்தால், பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என நீரை ஐதாக்கி, எண்ணத்தக்க தட்டைத் தெரிந்தெடுத்து மீண்டும் பெருக்கிக்கொள்வர். கருத்து மிக எளியது. அதற்கேற்ற பரப்புத்தான் எளிதிற் கிடைக்கவில்லை. வெட்டிய உருளைக்கிழங்கு முதலில் உதவிற்று. பின்னர் செலற்றின் கலந்த ஊடகம் வந்தது. ஆனால் செலற்றின் கோடை வெயிலிலே உருகிவிடும். போதாக்குறைக்குப் பல பற்றீரியாக்கள் அதையே தின்று நீராக்கிவிடும்.

இச்சிக்கலைத் தீர்த்தது ஒரு சமையலறை. கொக்கின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த வோல்ற்றர் ஹெசே என்னும் வைத்தியரின் மனைவி பானி ஹெசே, நியூயோர்க்கில் பிறந்து வளர்ந்தவர். அங்கே இளமையில், யாவாவில் வாழ்ந்துவந்த ஒல்லாந்த அயலவர் ஒருவரிடம், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஏகாரைக் கொண்டு இனிப்புப் பாகுகளை உறையவைக்கும் முறையைக் கற்றிருந்தார். வெயிலிலும் உங்கள் பாகு உருகாமல் இருப்பதன் மருமம் யாது என்று கணவர் வினவ, அம்மையார் ஏகாரைப் பற்றிக் கூறினார். அது கொதிநிலையை அண்மித்த வெப்பத்திலேதான் இளகும். ஏறக்குறைய 40 பாகைக்குக் கீழே உறைந்து நிற்கும். பெரும்பாலான பற்றீரியாக்கள் அதைத் தொடுவதில்லை. கொக் 1882 இல் கசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் ஏகாரைக் குறிப்பிட்டார். ஹெசே அம்மையாரைக் குறிப்பிட்டாரில்லை. 1887 இல் பெத்திரி என்பார் மூடியுள்ள தட்டைக் கிண்ணத்தை அமைத்தார். அவர் பெயர் ஒவ்வொரு பாடசாலை ஆய்வுகூடத்திலும் ஒலிக்கிறது. அம்மையார் பெயரை அறிந்தவர் சிலரே.

ஏகாரைப் பொறுத்தவரை நமக்கும் ஒரு தொடர்புண்டு. புத்தளத்துக் களப்பிலும் திருகோணமலைக் கரையிலும் வளரும் ஒருவகைச் செம்பாசி, 19 ஆம் நூற்றாண்டிலேயே இலங்கைப் பாசி என்ற பெயரில் ஐரோப்பிய வணிகர்க்கும் வைத்தியர்க்கும் அறிமுகமாயிருந்தது. நோன்பு காலத்தில் நம் முசிலிம் சகோதரர் இல்லங்களில் கடற்பாசி என்று காய்ச்சி உறையவைக்கும் பண்டத்தை உண்டவர்கள், பெத்திரிக் கிண்ணத்தின் அடியில் இருக்கும் பொருளை முன்னரே அறிந்தவர்கள் எனலாம். ஆய்வுகூடங்களுக்கு வேண்டிய உறுதியான ஏகார் பெரும்பாலும் வேறொரு செம்பாசியிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகயுத்தத்தில் யப்பானிய ஏகார் வருவது நின்றபோது, மேல்நாட்டு ஆய்வுகூடங்கள் தத்தம் கரைகளிலே பாசி தேடி அலைந்தன.

இம்முறையால் விளைந்த நன்மையை ஹம்பேர்க்கு நகரின் துயரத்தைக்கொண்டு அளக்கலாம். 1892 இல் அந்நகரிலே வாந்திபேதி பரவி 8,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நகர் எல்ப் ஆற்றுநீரை வடிக்காமலே மக்களுக்கு வழங்கி வந்தது. அதற்கு அடுத்தாற்போல், ஆற்றின் கீழ்ப்புறத்தில், அல்ரோனா என்ற நகர் இருந்தது. ஹம்பேர்க்கின் கழிவும் கலந்த நீரையே அந்நகர் எடுத்தது. ஆனால் மணற்படுக்கையில் மெல்ல வடித்து வழங்கிற்று. அங்கே நோய் பெரிதாகப் பரவவில்லை. வடித்த நீரின் ஒரு கனசதமமீற்றரில் 100 குடியிருப்புகளுக்கு மேல் தோன்றலாகாது என்று கொக் அப்போது வரையறுத்தார். தட்டிலே புள்ளிகளை எண்ணும் ஒரு சிறு வேலை, நகரங்களின் நீர்வழங்கலை ஆளும் சட்டமாயிற்று. அதனால் உயிர் தப்பியவர் தொகையை யாரும் கணக்கிட்டதில்லை. அது மிகப் பெரிதாகவே இருக்கவேண்டும்.

ஆற்றுக்கும் கிணற்றுக்கும் இவ்வளவு உதவிய தட்டைக் கடலுக்கும் கொண்டுசென்றனர். கடற் பற்றீரியாக்கள் உப்பின்றி வளரா. ஆகவே சோபெல் 1941 இல் கடல்நீரையே அடிப்படையாகக்கொண்ட ஊடகமொன்றை வகுத்தார். பல ஊடகங்களைச் சோதித்து அவர் இட்ட இலக்கம் 2216. கடல்நீரை இருட்டிலே வைத்து முதிரவிட்டு, லீற்றருக்கு 5 கிராம் பெப்டோன், சிறிதளவு இரும்புப் பொசுபேற்று, 15 கிராம் ஏகார் சேர்ப்பது அதன் பக்குவம். பின்னர் மதுவச் சாறும் சேர்க்கப்பட்டது. அதே இலக்கத்தோடு இவ்வூடகம் இன்றும் புட்டிகளில் விற்பனையாகிறது. 1951 இல் டென்மார்க்கின் கலத்தியாக் கப்பலிலே சென்று, பிலிப்பைன் ஆழியில் 10,000 மீற்றருக்கும் கீழேயுள்ள சேற்றிலிருந்து சோபெலும் மொறிற்றாவும் பற்றீரியாக்களை வளர்த்தெடுத்தனர். அவ்வாழத்தில் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்கு. அதனை ஆய்வுகூடத்திலும் உண்டாக்க அவர்கள் உருக்குக் கலங்களைப் பயன்படுத்தினர்.

அமுக்கத்தின் வலிமையை உலகம் நன்கு உணர்ந்தது ஒரு விபத்தினால். 1968 ஒற்றோபர் 16 ஆந் திகதி, அல்வின் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நீர்மூழ்கியைக் கடலில் இறக்குகையில் உருக்குக் கயிறுகள் அறுந்தன. உள்ளேயிருந்த மூவரும் வெளியேறித் தப்பினர். கலம் மட்டும் ஏறக்குறைய 1,540 மீற்றர் ஆழத்திற் சென்று தங்கிற்று. பத்து மாதங்களுக்குப் பின் அதை மேலே கொண்டுவந்தபோது, மாலுமிகளின் மதியவுணவும் உடன் வந்தது. இறைச்சி வைத்த பாணும், அப்பிளும், குடுவையிலே இறைச்சிச் சாறும் அதிலிருந்தன. பாண் கடல்நீரில் ஊறியிருந்ததேயன்றிக் கெட்டிருக்கவில்லை. அப்பிள் புதியதுபோல் இருந்தது. சாறு அருந்தத்தக்கதாகவே இருந்தது. வூட்ஸ் ஹோல் நிலையத்தைச் சேர்ந்த ஹொல்கர் யானஷ் என்பார் இவற்றைக் குளிர்ப்பெட்டியில், கடலடியில் இருந்த அதே குளிரில் வைத்துப் பார்த்தார். சில வாரங்களில் பாணும் இறைச்சியும் அழுகிவிட்டன. எனவே கடலடியில் அழுகாதது குளிரால் மட்டுமன்று. அவர் பின்னர் உணவுப்பொருளிட்ட போத்தல்களைக் கடலடியிலே மாதக்கணக்கில் இருத்தி, அதே குளிரில் கரையில் வைத்த போத்தல்களோடு ஒப்பிட்டார். கடலடியில் நுண்ணங்கிகளின் தொழில் பத்து முதல் நூறு மடங்கு வரை மந்தமாயிருந்தது. கடலுக்குள் எறிந்த குப்பை விரைவிலே கரைந்துவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது நல்ல செய்தியாக இருந்திராது. ஆனால் ஆழ்கடலில் அமுக்கத்துக்கே உரிய இனங்களும் உண்டு. மரியானா ஆழியிலிருந்து யயானொஸ் என்பார் பெற்ற பற்றீரியமொன்று, மேற்பரப்பு அமுக்கத்தில் வளரவே மறுத்தது என்று 1981 இல் அறிவிக்கப்பட்டது. அதனைச் சாதாரணத் தட்டிலே தேடியிருந்தால் அப்படி ஓர் உயிர் இல்லை என்றே எழுதியிருப்பர்.

அந்த ‘இல்லை’ என்ற சொல்லே நமது கேள்வியின் கரு. தட்டிலே தோன்றாதது நீரிலே இல்லாததாகுமா?

நுணுக்குக்காட்டியால் நேரே பார்த்து எண்ணியவர்கள், தட்டு மிகக் குறைத்துக் கூறுகிறது என்பதை 1930 களிலேயே ஐயுற்றனர். ரசியரான ரசூமொவ் 1932 இல் இதைக் குறித்தார். யானஷும் ஜோன்சும் 1959 இல் கடல்நீரில் பல முறைகளை ஒப்பிட்டு உறுதிசெய்தனர். ஆயினும் நுணுக்குக்காட்டியில் தெரியும் சிறு புள்ளி பற்றீரியமா, தூசியா என்று சொல்வது கடினமாயிருந்தது. 1970 களில் இரண்டு பொருள்கள் இதற்கு விடைதந்தன. ஒன்று, அணுவுலையிலே துகள் தாக்கிய தடங்களைக் காரத்தால் அரித்துத் துளையிட்ட மெல்லிய பிளாத்திக்கு வடி. அதன் துளைகள் ஒரு மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அகலமுடையன. நீர் கீழே போகப் பற்றீரியாக்கள் மேலே தங்கிவிடும். மற்றது, உயிரணுவிலுள்ள கருவமிலத்தைப் பற்றிக்கொண்டு நீல ஒளியிலே பச்சையாயும் செம்மஞ்சளாயும் ஒளிரும் அக்கிரிடீன் செம்மஞ்சள் எனும் சாயம். ஹொபியும் அவர் துணைவர் இருவரும் 1977 இல் வடியை முன்னரே கருஞ்சாயத்தில் தோய்த்துவிடும் முறையை வெளியிட்டபின், கரிய வானத்திலே விண்மீன்போல் ஒவ்வொரு பற்றீரியமும் தெளிவாகத் தெரியலாயிற்று.

எண்ணும் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மில்லிலீற்றர் நீரை வடித்தோம் என்றும், வடியின் பயன்படு பரப்பு 310 சதுர மில்லிமீற்றர் என்றும் கொள்வோம். நுணுக்குக்காட்டியின் கண்ணில் கீறிய கட்டம் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு பக்கமுடைய சதுரத்தைக் காட்டும். அத்தகைய கட்டங்கள் வடி முழுவதிலும் 31,000. பல கட்டங்களைப் பார்த்துச் சராசரியாகக் கட்டத்துக்கு 32 பற்றீரியாக்கள் கண்டால், இரண்டையும் பெருக்க ஏறக்குறைய பத்து இலட்சம் வரும். கடலின் மேல்நீரில் ஒரு மில்லிலீற்றருக்குப் பற்றீரியாக்கள் பெரும்பாலும் இவ்வளவே என்பது பல கடல்களிலும் கண்ட உண்மை. தேக்கரண்டிக்கு ஐம்பது இலட்சம் என்று தொடக்கத்திற் கூறியது இக்கணக்கே. அதே நீரைத் தட்டிலிட்டால் ஆயிரத்துக்கு ஒன்றேனும் வளர்வது அரிது. ஸ்ரேலி, கொனொப்கா என்ற இருவர் 1985 இல் இதற்குத் தட்டெண்ணிக்கையின் பெரும் முரண் என்று பெயரிட்டனர்.

எஞ்சியவை எல்லாம் செத்தவையாக இருக்கலாம் என்று எளிதிற் சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் சொன்னார்கள். அதை மறுத்த முறைகளுள் யப்பானியரான கொகூரேயும் அவர் குழுவினரும் 1979 இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. கடல்நீரிலே சிறிது மதுவச் சாறும், நலிடிட்சிக்கமிலம் என்ற மருந்தும் இட்டு ஆறு மணி நேரம் வைத்தனர். அம்மருந்து பற்றீரியம் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும்; உண்பதையும் வளர்வதையும் தடுக்காது. ஆகவே உயிருள்ள பற்றீரியம் பிரிய முடியாமல் நீண்டு பருத்துவிடும். செத்தது இருந்தபடியே கிடக்கும். நீண்டவற்றை நுணுக்குக்காட்டியில் எண்ணவேண்டியதுதான். அவற்றின் தொகை தட்டில் வளர்ந்ததைவிட மிக மிகப் பெரிதாயிருந்தது. கதிர்த்தொழிற்பாடுள்ள தைமிடினை நீரிலிட்டு, அதைப் பற்றீரியாக்கள் எவ்வளவு விரைவாகத் தம் கருவமிலத்தில் சேர்க்கின்றன என்று அளந்த பூமன், ஆசாம் என்போரின் ஆராய்ச்சியும், 1980 களின் தொடக்கத்தில் இதனையே வற்புறுத்திற்று.

உயிரோடிருந்தும் அவை ஏன் தட்டிலே வளரவில்லை? காரணம் ஒன்றன்று. பஞ்சத்திலே பழகிய உயிருக்கு விருந்து நஞ்சாகலாம். 2216 ஊடகத்திலுள்ள உணவு, நடுக்கடலில் உள்ளதைப்போல் பல்லாயிரம் மடங்கு. தமக்கு வேண்டியதைத் தாமே ஆக்கமாட்டாது அயலாரை நம்பி வாழ்வனவும் உண்டு. இவற்றிலும் வியப்பானதொரு காரணத்தை யப்பானிய ஆய்வாளர் 2014 இல் வெளியிட்டனர். ஏகாரையும் பொசுபேற்றையும் ஒன்றாய்க் கலந்து உயரமுக்கக் கொதிகலத்தில் வேகவைத்தால் ஐதரசன் பரவொட்சைட்டு உண்டாகிறது. புண் கழுவும் அப்பொருள் நுண்ணங்கிகளைக் கொல்வது யாவரும் அறிந்ததே. இரண்டையும் தனித்தனியே வேகவைத்துப் பின் கலந்தபோது, முன்னர் வளராத பல இனங்கள் வளர்ந்தன. எத்தனை ஆய்வுகூடங்கள் எத்தனை ஆண்டுகள் இரண்டையும் ஒரே பாத்திரத்திலிட்டுச் சமைத்தன என்று நினைக்கும்போது சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

வளர்க்காமலே இனங்காணும் வழியைப் பரம்பரையலகு ஆராய்ச்சி திறந்துவிட்டது. அத்திலாந்திக்கின் சர்காசோக் கடல்நீரிலிருந்த கருவமிலம் முழுவதையும் பிரித்தெடுத்து, எல்லா உயிர்க்கும் பொதுவான ஒரு பரம்பரையலகை மட்டும் படித்த ஜியோவனோனியும் குழுவினரும், எந்த நூலிலும் இல்லாத ஓர் இனத்தொகுதியை 1990 இல் கண்டனர். அதற்கு இட்ட பெயர் சார்-11. தேடிய கடல்களிலெல்லாம் அது இருந்தது. மேல்நீரிலுள்ள பற்றீரியாக்களுள் ஏறக்குறைய நான்கிலொன்று அதுவே. உலகில் மிகப் பெருந்தொகையான உயிர்களுள் ஒன்றை நூறாண்டுக் காலம் ஒரு தட்டிலும் எவரும் கண்டிலர். 2002 இல் ராப்பே, ஜியோவனோனி முதலானோர் அதனை வளர்த்தும் காட்டினர். வழி மிக எளியது: ஒரிகன் கரைக்கப்பாலிருந்து எடுத்த கடல்நீரையே வடித்துக் கிருமிநீக்கி ஊடகமாக்கினர், அமோனியமும் பொசுபேற்றும் மிகச் சிறிதளவு சேர்த்தனர், ஒவ்வொரு குழியிலும் ஒரு சில பற்றீரியாக்களே விழும்படி ஐதாக்கி இருளிலே வைத்தனர். விரைந்து வளரும் முரட்டு இனங்கள் பக்கத்தில் இல்லாததால் அது தன் போக்கில் மெல்லப் பெருகிற்று. நீர் சற்றேனும் கலங்கவில்லை. ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தபின்பே வளர்ந்திருப்பது தெரிந்தது. கந்தகத்தை அது கடல்நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து பெறமாட்டாது என்றும், பாசிகள் வெளியிடும் கந்தகச் சேர்வைகளையே நம்பியிருக்கிறது என்றும் 2008 இல் அறியப்பட்டது.

இவையெல்லாம் கடலாராய்ச்சியாளரின் கவலை என்று நேயர்கள் எண்ணக்கூடும். வாந்திபேதிக் கிருமியும் நீர்வாழ் உயிரே என்பதை நினைத்தால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

வங்காளத்தில் வாந்திபேதி ஆண்டுதோறும் பருவந்தவறாமல் வருவது, இடைக்காலத்தில் மறைவது. மறைந்திருக்கும் காலத்தில் குளத்துநீரைத் தட்டிலிட்டால் கிருமி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே அது மனிதரின் குடலிலேயே ஒளிந்திருந்து மீண்டும் பரவுகிறது என்று நெடுங்காலம் கருதினர். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து றீற்றா கொல்வெல் அம்மையாரும் குழுவினரும் 1982 இல் வேறொரு விளக்கம் கூறினர். அக்கிருமியைக் கழிமுகத்து நீரையொத்த நீரில் உணவின்றி வைத்தபோது, தட்டில் வளரும் தொகை விரைவில் ஒன்றுமில்லாத நிலைக்கு இறங்கிற்று. கொகூரேயின் முறையால் பார்த்தாலோ உயிருள்ளவை ஏராளமாய் இருந்தன. வாந்திபேதிக் கிருமியை மட்டும் பற்றிக்கொண்டு ஒளிரும் பிறபொருளெதிரியைப் பயன்படுத்தியபோது, தட்டு ‘இல்லை’ என்று கூறிய வங்கக் குளத்துநீரிலும் அது தென்பட்டது. அங்கே அது பெரும்பாலும் தனியே மிதக்கவில்லை. கோப்பிபோடா எனப்படும் மிகச் சிறிய ஓட்டுயிர்களின் உடலிலும் முட்டைப் பையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வளராதவை உண்மையில் உறங்குகின்றனவா, அல்லது சாகும் தறுவாயில் இருக்கின்றனவா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. விழித்தெழுந்ததாகக் காட்டப்படுபவை, எண்ணாமல் தவறிய சிலவற்றின் சந்ததியாயிருக்கலாம் என்று மறுப்போர் வாதம் அறவே புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் நீரைப் பரிசோதிப்பவர் இவ்வழக்குத் தீரும்வரை காத்திருக்க முடியாது. 1993 இல் மிச்சிகன் ஏரியிலிருந்து நீர்பெறும் மில்வோக்கி நகரிலே ஏறக்குறைய 4 இலட்சம் மக்கள் வயிற்றோட்டத்தால் வருந்தினர். வழங்கிய நீர் அக்காலத்துச் சட்ட அளவுகளுக்கு உட்பட்டதாகவே இருந்தது. நோய்க்குக் காரணமான கிறிப்தொசுப்போரிடியம் என்ற ஒருகல உயிர் குளோரீனுக்கு அஞ்சாதது. பற்றீரியாவைத் தேடும் தட்டிலே அது தோன்றுவதுமில்லை. நூறு மில்லிலீற்றர் நீரில் குடற் பற்றீரியம் ஒன்றுமில்லை என்ற அறிக்கை மிக வேண்டியதே. ஆனால் அந்த அறிக்கை தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை கூறுகிறது.

வங்கத்து ஆய்வாளர்கள் தங்கள் கண்டுபிடிப்பிலிருந்து பெற்ற பயன் மிக மலிவானது. வாந்திபேதிக் கிருமி எந்தத் துணியினூடும் நழுவிச் செல்லும் அளவுக்குச் சிறியது; அது ஒட்டியிருக்கும் ஓட்டுயிரோ அத்துணைச் சிறியதன்று. பழைய பருத்திச் சேலையைப் பலகாலம் வெளுத்தால் நூல் பஞ்சுபட்டு இழையிடை நெருங்கும். அதை நான்காக மடித்தால் இழையிடை மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்காகிறது. அதன் வழியே வடித்தபோது, ஓட்டுயிர்களோடு சேர்ந்து கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் நீங்குவதை ஆய்வுகூடத்தில் கண்டனர். பங்களாதேசத்தில் 65 கிராமங்களில் நடத்திய சோதனையின் முடிவு 2003 இல் வெளியாயிற்று. சேலையால் வடித்துக் குடித்த கிராமங்களில் வாந்திபேதி 48 சதவீதம் குறைந்திருந்தது. பழஞ்சேலை, புதுச்சேலையிலும் இவ்வேலைக்கு உகந்தது. விறகுக்குப் பணமில்லாத வீட்டிலும் அது இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அங்கே திரும்பிச் சென்று விசாரித்தபோது, ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெண்கள், யாரும் வற்புறுத்தாமலே, குடத்தின் வாயில் துணியைக் கட்டி நீரை வடித்துக்கொண்டிருந்தனர்.